காட்டில் கற்ற ஸ்பானிஷ்

"புத்தகத்தை மூடுங்க. அப்புறம் உங்க வாயையும் மூடுங்க. அவ்வளவுதான் என் பாணி!"

ரோவீனா மைக்கிலிருந்து சற்று விலகி நின்று புன்னகைத்தாள். சர்ச்சின் பின்கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் அந்த மலையோரத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் அம்மாக்கள் எல்லோரும் அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பாக்கள் கடைசி வரிசையில், ஆப்பிள் கேக் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பாணியைக் கண்டுபிடிப்பதற்குள் ரோவீனா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவளுடைய பதினைந்து வயது மகன் ஜெத்ரோவும் பதின்மூன்று வயது மகள் ஹேட்டியும் எதற்கும் மசியவில்லை. படுக்கை விரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு ரோமானிய வரலாறு நடத்தினாள். ஜெத்ரோ அதையே போர்த்திக்கொண்டு தூங்கினான். கேக்கை வெட்டிப் பின்னக் கணக்கு நடத்தினாள். கேக் தீர்ந்தது, கணக்கு அப்படியே இருந்தது. பிறகு எதைக் கேட்டாலும் பதிலுக்குக் கேள்வியே கேட்கும் பாணி வந்தது.

"அம்மா, சாப்பாடு ரெடியா?"

"சாப்பாடுன்னா என்னன்னு நீ நினைக்கறே ஹேட்டி?"

கணவன் வெண்டலுக்குப் பொறுமை போனது அங்கேதான். "பசிக்குதுன்னு வந்தா கேள்வியை எடுத்து வைக்கறே! கோடை லீவு முடியறதுக்குள்ள உருப்படியா ஒரு வழி கண்டுபிடி ரோவீனா. இல்லேன்னா ரெண்டையும் ஊர் ஸ்கூல்ல சேர்த்துடுவேன்."

"அந்த ஸ்கூலா? பிள்ளைங்க மூளையை வரிசையில நிக்க வெச்சு மொட்டை அடிச்சு அனுப்புற இடம்! நான் உசிரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது!"

ஆகஸ்டு கடைசியில்தான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. வீட்டுக்குப் பின்னால் பெரிய காடு இருந்தது. காலையில் சாப்பாட்டைக் கொடுத்துப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட வேண்டியது. சாயங்காலம் வரை யாரும் பின்னால் போகக் கூடாது. மரமும் மண்ணும் தாமே கற்றுக்கொடுக்கும்.

முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளைகள், சீக்கிரமே அலாரம் வைத்து எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். வெண்டலும் அதற்குப் பிறகு ஸ்கூல் பேச்சை எடுக்கவே இல்லை. வாயடைத்துப் போய்விட்டார் என்று ரோவீனா பூரித்துப் போனாள். ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாள். வீட்டிலேயே படிப்பிக்கும் அம்மாக்களின் சங்கத்தில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளையும் அந்தக் காட்டுக்கே அனுப்பத் தொடங்கினார்கள்.

"மரம் செடி எல்லாம் சரி. வேதியியல் எப்படிம்மா வரும்?" என்று இப்போது கூடத்தில் ஒருத்தி எழுந்து கேட்டாள்.

"ஜெத்ரோ, எழுந்திரு! நேத்து என்கிட்ட சொன்னியே, அதைச் சொல்லு."

ஜெத்ரோ எழுந்து, இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பதைச் சமன்பாட்டோடு கடகடவென்று ஒப்பித்தான்.

"இதை உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றாள் ரோவீனா.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கேக்கைப் பார்த்தார். "ஒரு... ஓக் மரம்," என்றான் ஜெத்ரோ.

கூடமே உருகியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"என் சின்னவ ஸ்பானிஷே பேசறா," என்றாள் ரோவீனா.

"காட்டுல யாரு ஸ்பானிஷ் பேசறா?"

"பறவைங்க! குளிர்காலம் முழுக்க மெக்சிகோவுல இருந்துட்டு வர்ற பறவைங்க. குழந்தைங்களோட காதுக்குத்தான் அதெல்லாம் புரியும். நமக்கு எங்க?"

ஹேட்டிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

முன்வரிசையில் இருந்த பெர்னீஸ் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "என் மூணு பசங்களும் உங்க காட்டுக்குத்தான் வருதுங்க. விடிஞ்சதும் குளிச்சுத் தலைசீவிக் கிளம்பிடுதுங்க. ஆனா சனி, ஞாயிறு மட்டும் நான் தலைகீழா நின்னாலும் காட்டுப் பக்கம் போக மாட்டேங்குதுங்க. அதான் ஏன்னு..."

"காட்டுக்கும் ஓய்வு வேணுமில்லையா பெர்னீஸ்? அதைப் பிள்ளைங்க உணர்ந்திருக்காங்க. நீதான் இன்னும் உணரலே."

பெர்னீஸ் வெட்கப்பட்டுக் கையை இறக்கினாள். எல்லோரும் மறுபடியும் கைதட்டினார்கள்.

அப்போது கதவோரமாக நின்றிருந்த ஒரு தடித்த பெண்மணி முன்னால் வந்தாள். கனமான மேல்கோட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. அம்மாக்கள் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. பிள்ளைகள் மட்டும் தலையைத் தொங்கப் போட்டார்கள்.

"என் பேரு லூவெல்லா. நான் உங்க சங்கம் இல்லீங்க. இந்தம்மா இங்க பேசறாங்கன்னு கேள்விப்பட்டேன், ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்று ரோவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷமே என் வேலை போயிருக்க வேண்டியது. உங்க பக்கம் ஒரு பிள்ளைகூட இல்லேன்னுட்டாங்க. நீங்க காட்டைத் திறந்து விட்டீங்க பாருங்க, இப்ப எனக்கு மூச்சுவிட நேரமில்ல. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்!"

ரோவீனாவுக்குக் கண் கலங்கியது. மைக்கை அவள் பக்கம் நீட்டினாள். "பாத்தீங்களா? என் பாணி எங்கெங்கல்லாம் போய்ச் சேர்ந்திருக்கு! நீங்களே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வேலை?"

"ஸ்கூல் பஸ் ஓட்டறேங்க. காட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டு வளைவுலதான் உங்க எல்லார் பிள்ளைங்களும் ஏறுதுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து பெரிய பஸ் வருது. கொஞ்சம் முன்னாடியே காட்டுக்கு அனுப்பிடுங்க, என்ன?"

ரோவீனா திரும்பி வெண்டலைத் தேடினாள். கடைசி வரிசையில் இருந்த அத்தனை அப்பாக்களும் தலை நிமிராமல் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.