பதினாறு வீட்டுத் தீ

“திருடன்னு நேராவே சொல்லிடுங்க. அந்தக் கர்சிதோவுக்கு இன்னும் என்ன மரியாதை?”

என் மனைவி ருமினி அடுப்பைக் காட்டினாள். நீலத் தீ சோம்பலாக எரிந்தது.

“எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். அரை மணி நேரமா எண்ணெய் காயவே இல்லை!” என்றார் அடுத்த வீட்டு வர்சிதி அக்கா.

எங்கள் தெருவில் பதினாறு வீட்டு அடுப்பும் கர்சிதோ அண்ணனின் டோஃபுப் பட்டறையை நம்பித்தான் எரிகிறது. சோயாப் பாலைத் திரித்து டோஃபு பிழிந்த கழிவுத் தண்ணீர் பொதுத் தொட்டிக்குப் போகும். தொட்டியில் அது புளித்து உண்டாகும் கேஸ் குழாய் வழியாக வீடுகளுக்கு வரும். ஒரு மாதமாகத் தீ பாதியாகிவிட்டது.

“தினம் காலையில ரெண்டு வாளியை மூடிபோட்டு ஆத்தோரம் கொண்டுபோறார். வாத்துப் பண்ணைக்குக் கழிவுத் தண்ணியை விக்கிறார், வேறென்ன?” என்றார் வர்சிதி. “நீங்க தெருத் தலைவர். சாயங்காலக் கூட்டத்துல தொட்டிப் பொறுப்பை அவர்கிட்டருந்து பிடுங்குங்க.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. தொட்டி கட்டத் தன் கொல்லையையே விட்டுக்கொடுத்த மனிதர். அவரா திருடுவார்?

பைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். கர்சிதோ அப்போதுதான் வாளியைத் திறந்துகொண்டிருந்தார். வாத்துகள் சுற்றிநின்று கத்தின.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. வெள்ளை வெளேரென்று, முனை கூட உடையாத டோஃபுத் துண்டுகள்.

“என்னண்ணே இது? நல்ல டோஃபுவைப் போய் வாத்துக்குப் போடுறீங்க?”

“விக்கலை, தலைவரே.”

“விக்கலைன்னா ஏன் செய்றீங்க?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “செய்யலைன்னா உங்க அடுப்பு எப்படி எரியும்?”

நான் விழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார்.

“முன்னாடி தினம் பத்துக் கொப்பரை சோயாப் பால் காய்ச்சுவேன். இப்ப ரெண்டுதான் விக்குது. ரெண்டோட நிறுத்தினா பாதி வீட்டுக்குத் தீயே போகாது. அதான் கூட மூணு கொப்பரை காய்ச்சுறேன். அதுக்கு மேல சக்தி இல்லை, மன்னிச்சுக்கணும்.”

திருடனைப் பிடிக்கப் போனவனிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“மிஞ்சுறதைத் தெருவுக்கே குடுத்திருக்கலாமே?”

“ஒரு நாள் குடுத்தேன். விக்காததை நம்ம தலையில கட்டுறார்னு பேச்சு வந்துச்சு.”

யார் பேசியது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அன்று பேசியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவன் நான்தான்.

“திடீர்னு வியாபாரம் ஏண்ணே படுத்துச்சு?”

“தெரியலை. கூட்டத்துல இதைச் சொல்லிடாதீங்க. பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம்.” வாளியைக் கழுவப் போய்விட்டார்.

ஐந்து கொப்பரை காய்ச்சி மூன்றை வாத்துக்குப் போடுகிற வியாபாரி! வழியெல்லாம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை வீடு இருக்கிற தெருவில் டோஃபு சாப்பிட ஆளா இல்லை?

வீட்டுக்குள் நுழைந்ததும் ருமினி கேட்டாள். “என்ன, திருடனைப் பிடிச்சீங்களா?”

அடுப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

கர்சிதோவின் நீலத் தீயில், தெருமுனையில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டின் பாக்கெட் டோஃபு பொரிந்துகொண்டிருந்தது.