கரும்புத் தோகைக் கூடு

“யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதிக்கோங்க சார். தலைமையாசிரியர் இன்னாசிமுத்து நீங்க, அமுதம் டீச்சர், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க பதினெட்டு பேரு, சாப்பாடு போடுற கெங்கம்மாள், காத்தவராயன் மகன் கண்ணையன் நான். இத்தனை பேருக்கு முன்னாடி என் தம்பி மகள் அர்ச்சனா கூடு கட்டிக் காட்டுவா.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றபடி சொன்னார் கண்ணையன். தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

விஷயம் இதுதான். போன வாரம் அமுதம் டீச்சர் பிள்ளைகளைப் பாகூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதைக் காட்டினார். குருவிக்குக் கை இல்லை. நீங்களும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அலகாக வைத்து, கரும்புத் தோகையில் ஒரு கூடு பின்னிக்கொண்டு வாருங்கள் என்றார். திங்கட்கிழமை வந்தவற்றில் அர்ச்சனாவின் கூடு மட்டும் குருவி நுழையும் வாசல் குழாயோடு அசல் போலவே தொங்கியது.

மரத்திலிருந்து பிடுங்கி வந்துவிட்டாள் என்று கூடப் படிக்கும் இளவரசி கிளப்பிவிட்டாள். அர்ச்சனா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் குஞ்சோடு பிடுங்கினாள் என்று கரிக்கலாம்பாக்கம் முழுக்கப் பேச்சு.

குருவிக் குடும்பத்தைக் கலைத்தவர்கள் என்ற பெயரோடு கண்ணையன் தெருவில் நடப்பதா?

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அர்ச்சனா உட்கார்ந்தாள். தோகையை வாளித் தண்ணீரில் நனைத்துக் கிழித்தாள். நனைக்காமல் பின்னி விரலை அறுத்துக்கொண்ட மற்ற பிள்ளைகள் நெருங்கி வந்து பார்த்தார்கள். இரண்டே விரல். வேப்பங்கிளையில் முதல் முடிச்சு விழுந்தது. பிறகு ஒரு வளையம். வளையத்துக்கு மேல் கூரை.

“இன்னாடி, இவ்ளோ வேகமா?” இளவரசியே வாய் பிளந்தாள். கெங்கம்மாள் அடுப்பை மறந்தாள். கண்ணையனின் மார்பு நிமிர்ந்துகொண்டே போனது.

கவிழ்த்த ஹெல்மெட் போலப் பாதிக் கூடு தொங்கியபோது அர்ச்சனா எழுந்து கையைத் துடைத்தாள்.

“முடிஞ்சிது டீச்சர்.”

கண்ணையன் அவள் பக்கம் குனிந்தார். “பாதியில விடாதடி. நம்ம வூட்டு மானம்” என்று பல்லைக் கடித்தார்.

“ஆண்குருவி இவ்ளோதான் கட்டும் பெரியப்பா. பொட்டைக்குருவி வந்து பாத்து, புடிச்சிருந்தாதான் மீதி. அதுக்குள்ள வேற யாரும் கை வெக்கக்கூடாது.”

அமுதம் டீச்சர் துள்ளிக் குதிக்காத குறை. தான் சொல்ல மறந்ததை இவள் கண்ணாலேயே பார்த்துப் பிடித்திருக்கிறாளே! அவர் கைதட்ட, பதினேழு பிள்ளைகளும் தட்டினார்கள்.

“நீங்களும் தட்டுங்கண்ணே” என்றாள் கெங்கம்மாள். கண்ணையன் கைகளைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை.

அர்ச்சனா கூட்டைப் பிடுங்கினாள் என்று ஊரில் இன்னும் சொல்பவர்கள் உண்டு. அது பொய். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ராத்திரி, அவள் வீட்டில் கட்டிவைத்திருந்த பாதிக் கூட்டைப் பார்த்து, பிள்ளை முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டாளே என்று பதறி, நனைக்காத தோகையில் பத்து விரலும் கிழிய, வாசல் குழாய்வரை பின்னி முடித்தவர் கண்ணையன்.