இடதுபக்க ரப்பர்

இறந்துபோன கணவரின் பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிளை விற்பதற்காக, அதை மதிப்பிட பழைய வண்டி வியாபாரி சேவியரை வரவழைத்திருந்தாள் வசுந்தரா. லேசில் எதையும் நம்பாத ஆள் அவர். எஞ்சின் நம்பரை நகத்தால் சுரண்டினார், டாங்கில் காந்தம் ஒட்டிப் பார்த்தார். எல்லாமே அசல். அதுவே அவரை உறுத்தியது. பிறகுதான் பின்சீட்டின் ஃபுட்ரெஸ்ட்டுகளைக் கவனித்தார். வலதுபக்க ரப்பர் புத்தம்புதிதாக இருந்தது; இடதுபக்கம் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. சேலை கட்டியவள் ஒருபக்கமாக உட்கார்ந்து வருஷக்கணக்கில் போன தேய்மானம்.

"சாரோட நிறைய சுத்தியிருக்கீங்க போலம்மா" என்றார்.

"நீங்க வேற! பின்னாடி ஆள் ஏறினா வண்டி வீணாயிரும்னு அவர் என்னை ஒரு நாள்கூட ஏத்தினதில்ல. ஏன், ஏதாச்சும் மாத்தியிருக்கா?"

சேவியர் இடது ரப்பரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஆமாம்மா. இது மட்டும் வேற வண்டியோடது."

வசுந்தரா குனிந்து அவர் கையை விலக்கினாள்.