திருநாள் மணி

"ஏண்ணே, மலையில இருந்து சேதி ஏதும் வந்துச்சா?"

இதோடு எத்தனை தடவை கேட்டாள் என்று ஜெசிந்தாவுக்கே தெரியாது. மாதா கோயில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பங்கிராஸ், கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார்.

காலையில் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலக்காய் பறிக்கப் போன ஜீப் இன்னும் திரும்பவில்லை. மதியம் பிடித்த மழையில் மலைப் பாதையில் மண் சரிந்துவிட்டதாகப் பேச்சு. ஜீப்பில் போனதெல்லாம் இந்தத் தெருப் பெண்கள். ஜெசிந்தாவின் ஒரே மகள் பெனிஷாவும், பங்கிராஸின் மனைவி பிலோமினாவும் அதில்தான் இருந்தார்கள். பங்குச் சாமியார் நாலைந்து இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார். எந்தச் சேதியானாலும் பங்கிராஸுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மற்றவர்கள் கோயிலுக்குள் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. காதெல்லாம் மணிக்கூண்டின் மேல்தான் இருந்தது. பங்கிராஸ்தான் அந்தக் கோயிலுக்கு மணி அடிப்பவர். அந்த ஊரில் சாவுச் சேதியை யாரும் முந்திக்கொண்டு வாயால் சொல்வதில்லை, மணிதான் சொல்லும். ஒற்றை ஒற்றையாக, விட்டு விட்டு அடித்தால் அது துக்க மணி. விடாமல் அடித்தால் திருநாள் மணி.

"காச்சலா இருக்கு, இன்னைக்குப் போகாதடின்னு சொன்னேன், கேட்டாளா? உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே? அண்ணியும் அங்கனதான இருக்காக!"

"பயம் இல்லாம இருக்குமா?" என்றார் பங்கிராஸ். "ஆனா ஒண்ணு தங்கச்சி. தினமும் அவளை ஆண்டவர் கையில ஒப்படைச்சுத்தான் ஜீப்புல ஏத்திவிடுறேன். அந்தக் கை விட்டுராது."

"எனக்கு அந்த நம்பிக்கை வரமாட்டேங்குதே! என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, இந்தக் கோயில் வாசல நான் மிதிக்கவே மாட்டேன்."

"அதையும் அவருகிட்டயே சொல்லு. கேட்டுக்கிடுவாரு."

அப்போது போன் அடித்தது. பங்கிராஸ் அதைக் காதில் வைத்தபடி வேப்பமரத்தடிக்கு நடந்தார். உள்ளே ஜெபமாலை பாதியில் நின்றது. அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. பேசி முடித்த பிறகும் மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் மணிக்கூண்டுக்குள் போனார்.

ஜெசிந்தா அவர் பின்னால் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். கூப்பிட்டுக் கேட்கத் தைரியமில்லை.

மணி ஒருமுறை அடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் அடுத்த அடி தாமதிக்கவில்லை. அதன் பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. ஈஸ்டர் எனும் உயிர்ப்புத் திருநாள் இரவில் அடிப்பதைப் போலவே மணி விடாமல் முழங்கியது.

"மாதாவே! பிள்ளைக வருதுக!" என்று பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மணி நிற்கவே இல்லை. பெரிய திருநாளுக்குக்கூட பங்கிராஸ் இவ்வளவு நேரம் அடித்ததில்லை.

"பொண்டாட்டி வாரான்னதும் அண்ணனுக்குக் கை நிக்கமாட்டேங்குது!" என்று ஜெசிந்தா கண்ணீரோடு சிரித்தாள்.

இருட்டுவதற்குள் வேறொரு ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. சேறு அப்பிய சேலைகளோடு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். பெனிஷாவின் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்த ஜெசிந்தா, அதன் பிறகுதான் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே யாருமில்லை.

"எங்கடி பிலோமினா அத்தை?"

பெனிஷா உடைந்து போனாள். "மண்ணு சரிஞ்ச எடத்த இறங்கி நடந்துதாம்மா தாண்டுனோம். எங்களையெல்லாம் முன்னாடி அனுப்பிட்டு அத்தை கடைசியா வந்தாக. திரும்பவும் சரிஞ்சிருச்சு. தோண்டி எடுத்தப்ப உசிரு இல்லம்மா. சாமியாரு ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காக."

"ஐயோ! அண்ணனுக்குத் தெரியாதே!"

"தெரியும்மா. மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னதே நான்தான்."

ஜெசிந்தா மணிக்கூண்டுக்கு ஓடினாள். பங்கிராஸ் கயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முன்பக்கமெல்லாம் கண்ணீரில் நனைந்திருந்தது.

"அண்ணே! எங்களுக்காகவா அந்த மணிய அடிச்சீக?"

"ஒத்தை மணி கேட்டா, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைன்னுதான நினைச்சிருப்பீக?"

அவள் குனிந்து கயிற்றைத் தொட்டாள். "விடுங்கண்ணே. அண்ணிக்கு ஒத்தை மணிய நான் அடிக்கிறேன்."

பங்கிராஸ் கயிற்றை விடவில்லை.

"வேண்டாம் தங்கச்சி. ஆண்டவர் உயிர்த்த ராத்திரி அடிக்கிற மணி அது. அவளுக்கும் சேத்துத்தான் அடிச்சேன்."