இன்னும் அரை இஞ்ச்

"இன்னும் அரை இஞ்ச் லூஸ் பண்ணணும்பா" என்று ஆதிகேசவன் பட்டு ரவிக்கையை மேசைமேல் வைத்ததும் தையற்காரர் ஜெபகுமாரின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை.

"அய்யா, நீங்க குடுத்த அளவு ரவிக்கையை வச்சித்தானே தச்சேன்? சின்ன காஞ்சிபுரத்துல என் தையல் ஒண்ணுகூட இப்படித் திரும்பி வந்ததில்ல. அம்மாவை ஒருவாட்டி கூட்டிக்கினு வாங்க, நேர்ல அளவெடுத்துடறேன்."

"எங்க வீட்டுப் பொம்பளைங்க கடைப்படி ஏறமாட்டாங்க. சொன்னதைச் செய்."

ஜெபகுமார் பிரித்துத் தைத்தார். இனிப் பிரிப்பதற்கு உள்ளே துணி இல்லை. ஊரில் பெயர் கெட்டுவிடுமே என்று அவருக்கு உறக்கமே வரவில்லை.

பத்தாம் நாள் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆதிகேசவன் தன் மனைவி தேவகியைக் கைப்பிடித்து இறக்கினார். அந்த அம்மாளின் தலையில் முடி அப்போதுதான் விரற்கடை அளவு வளர்ந்திருந்தது.

"பெரிய வியாதிப்பா. பாதியா இளைச்சிட்டா. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடல. உன்கிட்ட குடுத்த அளவு ரவிக்கை அப்ப போட்டுக்கினு இருந்தது." ஆதிகேசவன் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார். "தேறி வர்றான்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி உன் தையல்தான்பா எனக்குச் சொல்லிச்சு."

ஜெபகுமார் வாயெல்லாம் பல்லாக இஞ்ச் டேப்பை எடுத்தார்.

"புதுசா ஒண்ணு தச்சிக் குடுப்பா. உள்ள நாலு விரல் துணி விட்டே தை" என்றாள் தேவகி. "இவரு தெனமும் நெய் ஊத்திக்கினே இருக்காரு!"