சுவர்ப் பக்கம்

கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் குழாய் தூக்கிக்கொண்டிருந்த கிளிட்டஸ், துபாய்க்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெளியே ஜூலை வெயில் கொளுத்தியது. உள்ளே, பிரம்மாண்டமான கூரைக்குக் கீழே செய்துவைத்த பனிச்சரிவில், அங்கிருந்த ஒரே ஸ்னோ ஸ்கூட்டரின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வேலை நிச்சயம்.

“உச்சியில வலப்பக்கம் சுவரு. எடப்பக்கமா திரும்பி வந்திருடே,” என்றார் ஃபோர்மேன் இன்பமணி.

வண்டி சீறிக்கொண்டு ஏறியது. கிளிட்டஸுக்குக் கூவ வேண்டும் போலிருந்தது, கூவினான். உச்சியில்தான் கை பழைய புத்தியைக் காட்டிவிட்டது. ஊரில் வள்ளத்து எஞ்சினின் பிடியை வலப்பக்கம் தள்ளினால்தான் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். பத்து வருடப் பழக்கம். அப்படியே தள்ளினான்.

கீழே வந்து இறங்கியபோதும் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

“தப்பா சுவத்துப் பக்கம் திரும்பிட்டேன் அண்ணே. நல்லவேளை, எடம் கெடந்துச்சு.”

“அங்க ஏதுடே எடம்?”

இன்பமணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடியும் மேலே போனான். பனியில் வண்டித் தடம் வளைந்து சுவருக்குள் போயிருந்தது. ஆறடி தள்ளி, அதே சுவரிலிருந்து வெளியே வந்திருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. அதற்கு அந்தப் பக்கம் எண்பதடி கீழேதான் கார் நிறுத்துமிடம்.

இன்பமணி சிலுவை போட்டுக்கொண்டார்.

“வேலை உண்டும்லா அண்ணே?” என்று கேட்டான் கிளிட்டஸ்.

அவர் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனது ஒன்று. வெளியே வந்தவை இரண்டு. இரண்டும் ஒட்டி ஒட்டியே வாசல்வரை இறங்கிப் போயிருந்தன.