பாதுகாப்பாக அழிக்கப்பட்டது

போலீஸ் நாய் கேனை ஒரு முறை மோந்து பார்த்தது. தும்மியது. இன்னொரு முறை தும்மிவிட்டு இன்ஸ்பெக்டர் தம்மய்யாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"என்ன சார் இது, செத்த மீன் நாத்தம்?" தம்மய்யா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"பிரிடின். பசங்க ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தின கழிவு" என்றார் வேதியியல் துறைத் தலைவர் நஞ்சுண்டய்யா. "மூடியைத் திறந்தா இன்னும் ஜோரா வரும். திறக்கட்டுமா?"

"நீங்க வேற. காலைல சாப்பிட்ட தோசை வெளியே வந்துடும்."

துறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நீல நிறக் கேன்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. உள்ளே ரசாயனக் கழிவு.

ஒன்றைத் தவிர.

கடத்தல்காரர்களிடம் வனத்துறை பிடித்த சந்தன எண்ணெய், கோர்ட்டுக்குப் போகும் முன் தரம் பார்க்க இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தது. முந்தாநாள் காணாமல் போனது. பூட்டு உடைந்திருக்கிறது என்று முதலில் கூச்சல் போட்டவரே நஞ்சுண்டய்யாதான். போலீஸ் விடுதி மாணவர்களின் பெட்டிகளைக் கவிழ்த்தது. அட்டெண்டரின் டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்தது. நஞ்சுண்டய்யா வீட்டுப் பூஜை அலமாரியைக்கூட விடவில்லை. மண்டை ஓட்டைத் திறக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

இன்று கழிவு அள்ளும் லாரி வரும் நாள். கேட்டைத் தாண்டிவிட்டால் போதும். வெகு தொலைவில் இருக்கும் எரியுலையின் வாசலில் நஞ்சுண்டய்யாவின் மைத்துனன் யோகேஷ் தயாராக நிற்கிறான். கைப்பிடியில் பச்சைக் கயிறு கட்டிய கேனை மட்டும் அவன் இறக்கிக்கொள்வான். தவறினால், அடுத்த மாதம் வாங்க வேண்டிய ஓய்வு மாலைக்குப் பதில் கைவிலங்கு.

"பேருக்கேத்த வேலை சார் உங்களுக்கு. நஞ்சுக்கே காவல்" என்று சிரித்தார் தம்மய்யா.

லாரி வந்தது. டிரைவர் சன்னப்பா கேன்களை உருட்டி ஏற்ற ஆரம்பித்தான்.

"மெதுவாப்பா, மெதுவா. அதைச் சாய்க்காதே."

"என்ன சார், இன்னிக்கு இவ்வளவு அக்கறை? எப்பவும் மாடியிலேர்ந்தே கையைக் காட்டிட்டுப் போயிடுவீங்க."

தம்மய்யா திரும்பிப் பார்த்தார். நஞ்சுண்டய்யா கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

"ரூல்ஸை இறுக்கிட்டாங்கப்பா."

சன்னப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை நீட்டினான். 'மேற்படி கழிவுகள் அனைத்தும் உயர் வெப்பத்தில் பாதுகாப்பாக அழிக்கப்பட்டன.' கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன.

தம்மய்யா எட்டிப் படித்தார். "இன்னும் ஏத்தியே முடிக்கலை. அதுக்குள்ள எரிச்சாச்சா?"

"தபால்ல வந்தா லேட்டாகுது சார்" என்றான் சன்னப்பா.

நஞ்சுண்டய்யா வழக்கம்போல் வாங்கிக் கோப்பில் சொருகினார். இருப்பதிலேயே குறைந்த தொகை கேட்டவர் என்று இந்த ஒப்பந்தக்காரரை வருடா வருடம் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். இன்றுவரை ஒரு சான்றிதழ் தாமதமானதில்லை.

லாரி கிளம்பும் நேரம் தம்மய்யா கையை உயர்த்தினார்.

"நில்லு. இதுல மட்டும் என்ன பச்சைக் கயிறு?"

 முப்பது வருடம் வகுப்பெடுத்த வாய் நஞ்சுண்டய்யாவைக் கைவிடவில்லை.

"அது இருக்கறதிலேயே மோசமானது இன்ஸ்பெக்டர். பட்டாலே புற்றுநோய். அதான் தனியா அடையாளம்."

கேன் மேல் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார் தம்மய்யா. ஸ்டியரிங்கில் இருந்த சன்னப்பாவும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"போ, போ. சீக்கிரம் கொண்டு போ."

கேட்டைத் தாண்டிய லாரி வலப்பக்கம் நெடுஞ்சாலைக்குப் போகாமல் இடப்பக்கம் திரும்பியது. டீசல் போடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு, நஞ்சுண்டய்யா அறைக்குப் போய் நிம்மதியாக ஒரு ஃபில்டர் காபி குடித்தார்.

மாலையில் யோகேஷ் போன் செய்தான்.

"பாவா, இந்தக் கடைல இருந்த தட்டே இட்லியெல்லாம் நானே தின்னு தீர்த்துட்டேன். லாரி எங்கே?"

"வழியில ஏதாவது டிராஃபிக்கா இருக்கும்டா."

"எரியுலை ஆபீஸ்லயே போய் விசாரிச்சுட்டேன் பாவா. உங்க யுனிவர்சிட்டி லாரி இன்னிக்கு வரலையாம்." யோகேஷ் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு மட்டும் இல்லையாம். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வந்ததில்லையாம்."

கதவு தட்டப்பட்டது. தம்மய்யா நின்றிருந்தார். கூடவே நாய். இந்தத் தடவை அது தும்மவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து நஞ்சுண்டய்யாவின் சட்டைக் கையை ஆசையாக மோந்தது.

"கொஞ்சம் வர்றீங்களா சார்? பின்னாடி ஏரியில மீனெல்லாம் செத்து மிதக்குது."

"அதுக்கு... நான் என்ன பண்ண முடியும்? செத்த மீன் நாறத்தானே செய்யும்?"

"நாறலையே சார். சந்தனமா மணக்குது." தம்மய்யா நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் ஏரியில கொட்டிட்டு, மத்த காலி கேனையெல்லாம் விக்கிறதுக்கு எடுத்துட்டுப் போன சன்னப்பா, தொட்டா புற்றுநோய்னு நீங்க சொன்ன பச்சைக் கயிறு கேனை மட்டும் பயந்துபோய்க் கரையிலேயே விட்டுட்டுப் போயிருக்கான்."